மஸ்கிக்கு வீட்டில் செய்யும் லீடர்: எஃகுக் கம்பியா, ஃப்ளூரோகார்பனா?

வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெரிய வேட்டை மீனான மஸ்கியின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு, தூண்டில் நூலுக்கும் இரைக்கும் நடுவே பல்லுக்குத் தாங்கும்படி கட்டும் துண்டான லீடர் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நூல் நூறு பவுண்டு தாங்கட்டும், அந்தப் பல் பட்டால் நொடியில் அறுந்துவிடும். லூர் என்ற செயற்கை இரை போவது நமக்குக் காசு நஷ்டம். அதன் மும்முனைத் தூண்டில் முள்களால் வாய் பூட்டிக்கொண்ட மீனுக்கோ உயிரே போகலாம். பிடித்ததைத் திரும்ப விடுவதே வழக்கமாகிவிட்ட மீன்பிடிப்பு இது. மினசோட்டாவின் பெரும்பாலான ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளவே கூடாது. ஆகவே லீடர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. எதில் செய்வது என்பதில்தான் சண்டை.

லூரை எறிந்து இழுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒற்றைக் கம்பியைத்தான். 12ஆம் எண் ஸ்டெயின்லெஸ் எஃகுக் கம்பி, விட்டம் முக்கால் மில்லிமீட்டர் அளவு, தாங்குவது சுமார் 174 பவுண்டு. தனிக் கருவி எதுவும் வேண்டாம், நல்ல குறடு ஒன்று போதும். ஹேவயர் முறுக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டால் வேலை முடிந்தது.

அந்த முறுக்கில்தான் சூட்சுமம். கம்பியை, லூரை மாட்டும் கொக்கியான ஸ்னாப்பின் வளையத்தில் கோத்து மடக்கி, இரு கால்களையும் அகலமாக விரித்துப் பிடித்து, இரண்டும் ஒன்றையொன்று சமமாகச் சுற்றும்படி நாலைந்து முறுக்கு போட வேண்டும். ஒரு கால் நேராக நிற்க, மற்றது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போனாலும் பார்வைக்கு முறுக்கு மாதிரியே இருக்கும். பெரிய மீன் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் சின்னக் காலைச் செங்குத்தாகத் திருப்பி, நெருக்கமாக நாலைந்து சுற்று. மிச்சமிருக்கும் முனையை வெட்டவே கூடாது. வெட்டினால் ஊசி போல ஒரு முனை நிற்கும், மீனை விடுவிக்கிற நேரம் பார்த்து விரலைக் கிழிக்கும். முனையைக் கைப்பிடி போல வளைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றை ஒட்டியே ஒடிந்து விழும். அந்த இடத்தை விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படக் கூடாது.

இந்தக் கம்பியின் விறைப்புதான் அதன் பலம். கிளைடர், ஜெர்க்பெய்ட் போன்ற லூர்களை வெட்டி வெட்டி இழுக்கும்போது நடுநடுவே நூல் தளர்கிறது. தொளதொளத்த லீடர் என்றால் லூரின் முள் அதிலேயே மாட்டி, அந்த எறிதலே வீண். விறைத்த கம்பி லூருக்கு முன்னால் நேராக நிற்கும். குறையும் உண்டு. ஒருமுறை கூர்மையாக மடங்கிவிட்டால் அந்த லீடரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்; நிமிர்த்தினாலும் அந்த இடம் நொந்துபோனதுதான்.

ஏழு இழை முறுக்குக் கம்பி வளைந்து கொடுக்கும். இலையுதிர்காலத்தில் விஸ்கான்சினில் சக்கர் மீனை உயிரோடு கோத்து இறக்குபவர்களுக்கு இது பிடிக்கும், இரை தாராளமாக நீந்தலாம். லூர் எறிபவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு நல்ல மீன் புரண்டாலே பன்றிவால் போலச் சுருண்டுவிடும், இழை ஒன்று அறுந்து நின்றால் கையைக் குத்தும். நைலான் உறை போட்டதோ இன்னும் மோசம்: உள்ளே துருப் பிடித்தாலும் வெளியே தெரியாது.

தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாத பிளாஸ்டிக் நூலான ஃப்ளூரோகார்பனுக்கு இன்று பெரிய ஆதரவு இருக்கிறது. கடித்துத் துண்டாக்கிவிடாதா என்று கேட்பார்கள். 130 பவுண்டு நூல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதை அறுப்பது லேசில்லை, ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்லவும் முடியாது. ஒவ்வொரு மீனுக்கும் பிறகு நகத்தால் வருடிப் பாருங்கள். ஆழமான கீறல் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். கனடாவின் ஜார்ஜியன் பே போலத் தெளிந்த தண்ணீரில் இதன் மறைவு உதவலாம். விஸ்கான்சினின் சிப்பெவா ஃப்ளோவேஜ் நீர்த்தேக்கத்தின் பழுப்புத் தண்ணீரில் அந்தக் காரணம் எடுபடாது. பெரிய தகடுகள் சுழலும் பக்டெய்ல் லூருக்கு முன்னால் லீடர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

இதைச் செய்வதில் செலவு, கிரிம்ப் போடும் கருவிக்குத்தான், அதாவது ஸ்லீவ் என்ற சின்ன உலோகக் குழலை நூலின் மேல் நசுக்கிப் பூட்டும் கருவிக்கு. சாதாரணக் குறடால் நசுக்கினால் ஸ்லீவ் தட்டையாகி நூலைக் கடித்துவிடும். நூல் விட்டத்துக்கேற்ற இரட்டைக் குழல் ஸ்லீவை எடுத்து, இரண்டு ஓரங்களையும் கொஞ்சம் நசுக்காமல் விட வேண்டும். நூலின் முனையை லைட்டரால் லேசாக உருக்கிக் குமிழாக்கினால் நழுவாது.

படகை ஓட்டிக்கொண்டே லூரை இழுக்கும் டிரோலிங்குக்கு ஃப்ளூரோகார்பன்தான் என் தேர்வு. மூன்று நாலு அடி வேண்டும், ஏனென்றால் புரளும் மஸ்கி நூலைத் தலையில் சுற்றிக்கொள்ளும். செவுள் மூடியின் விளிம்பும் பிரெய்டை அறுக்கும். எறிபவர்கள் இந்த நீளத்துக்குப் போக வேண்டாம். மஸ்கி லூரைப் படகு வரை பின்தொடர்ந்து வரும், கோல் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி எட்டு வடிவில் சுழற்றித்தான் அதைக் கடிக்க வைக்க வேண்டியிருக்கும். நீண்ட லீடரை நூலோடு சேர்க்கும் சுழல் இணைப்பான சுவிவல் கோலின் நுனி வளையத்தில் போய் முட்டினால் எட்டுப் போட நூல் மிஞ்சாது. அவர்களுக்கு லீடர் ஒரு அடி போதும், மிஞ்சிப்போனால் பதினான்கு அங்குலம்.

டைட்டானியம் கம்பி மடங்கினாலும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும், ஒரே லீடர் பல மீன்களுக்குத் தாங்கும். ஆனால் அந்த நிமிரும் குணமே வீட்டில் செய்வதற்கு எதிரி. ஹேவயர் முறுக்கு அதில் படியாமல் பிரிந்துகொண்டே இருக்கும், முனையும் ஆட்டினால் ஒடியாது. விலையும் அதிகம். டைட்டானியம்தான் வேண்டும் என்றால் கடையில் செய்ததையே வாங்கிவிடுங்கள். மிச்சப்படுத்திய நேரத்தில் எஃகுக் கம்பியில் நாலு செய்யலாம்.

எதில் செய்தாலும் ஸ்னாப்பிலும் சுவிவலிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். செய்து முடித்ததும் ஒரு முனையைச் சுவரில் அடித்த கொக்கியில் மாட்டி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள்.