மெட்ராஸ் ஐ, ஐந்து நாள் எம்.சி.

ஊரிலிருந்து சிங்கப்பூர் திரும்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. கண் தெளிந்துவிட்டது, வேலையும் வழக்கம்போல ஓடுகிறது. லீவில் ஊருக்குப் போன இடத்தில் உடம்புக்கு வந்துவிட்டால் முறையான ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் (எம்.சி.) எப்படி வாங்குவது என்று நான் மூன்று நாள் திண்டாடினேன். அந்தத் திண்டாட்டம் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்காக பத்து நாள் லீவில் போயிருந்தேன். நல்ல கூட்டம். யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ, சனிக்கிழமை ராத்திரி வலது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பீளை கட்டி இமையைத் திறக்கவே முடியவில்லை. அம்மா வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித்தான் திறந்துவிட்டார். மெட்ராஸ் ஐ என்று பார்த்ததுமே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி திருச்சியிலிருந்து விமானம், திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும். நாலு மணி நேரம் அத்தனை பேரோடு, கைக்குழந்தைகளோடு, ஒரே விமானத்தில் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, கம்பெனியில் எச்.ஆர். பார்க்கும் அம்மாவுக்கு உடனே வாட்ஸ்அப்பில் தகவல் சொன்னேன். சிங்கப்பூர் சட்டப்படி உடம்பு சரியில்லை என்பதை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

அவர் பதில் நேர்மையாக இருந்தது. ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருடத்தில் 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அது சிங்கப்பூரில் பதிவு செய்த டாக்டர் கொடுக்கும் எம்.சி.க்குத்தான். வெளிநாட்டு டாக்டர் கொடுத்ததை ஏற்பதும் ஏற்காததும் கம்பெனியின் விருப்பம். “சரியான தாளாகக் கொண்டு வாருங்கள், நான் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார். இதைப் பலர் திரும்பி வந்தபிறகு கேட்டு ஏமாந்து போகிறார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரில் நான் வழக்கமாக வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் ஆப்பைத் திறந்தேன். இப்போது சிங்கப்பூருக்குள் இருக்கிறீர்களா என்று முதல் கேள்வி. இல்லை என்றால் அதற்கு மேல் போகாது. இருக்கிறேன் என்று ஒரு பொய்யை அழுத்தினால் போயிருக்கும், ஆனால் பொய்யில் ஆரம்பிக்கும் எம்.சி. எனக்கு வேண்டாம்.

சரி, இந்தியாவில் பார்ப்போம் என்று தேடினால் வந்து விழுந்தவை எல்லாம் சர்டிபிகேட் விற்கும் இடங்கள். ஒன்றில் உள்ளே போய்ப் பார்த்தேன். என்ன வியாதி என்று ஒரு பட்டியலிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதையும் நாமே போட வேண்டும், போன வாரத்துத் தேதிகூடப் போடலாம். வீடியோ இல்லை, டாக்டர் யார் என்று பணம் கட்டும்வரை பெயர்கூட இல்லை. உண்மையிலேயே கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் என்னிடமும் அதே பணம், ஒன்றும் இல்லாதவனிடமும் அதே பணம் என்றால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? மூடிவிட்டேன். சித்தப்பா மகன் வேறு, “எதுக்குண்ணே இவ்வளவு அலையிறீங்க, தெரிஞ்ச இடத்துல சீல் குத்தி வாங்கித் தர்றேன்” என்றான். அன்பில் சொல்கிறான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர்த் தாள் என்றாலே சந்தேகமாகப் பார்க்கும் நிலைமையை இப்படித்தானே நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பேரைச் சுமக்கிறவன் அங்கே போய் வேலை பார்க்கிறவன்.

செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு கண்ணும் சிவந்துவிட்டது. மன்னார்குடியில் கண் டாக்டர் இல்லாமல் இல்லை, அங்கே போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டு வருவேன் என்பதுதான் தயக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிக்காகக் காட்டியிருந்தேன், அங்கே என் ஃபைல் இருக்கும் என்று ஞாபகம் வந்து போன் செய்தால், வீடியோவிலேயே பார்ப்பார்கள், 500 ரூபாய் என்றார்கள். இங்கே இரண்டு சிக்கல். என் சிங்கப்பூர் எண்ணுக்கு ஓ.டி.பி. வரவில்லை, சிங்கப்பூர் கார்டில் பணமும் போகவில்லை. அக்கா பையன் தன் எண்ணைக் கொடுத்து ஜிபேயில் கட்டினான். ஊருக்குப் போனால் வீட்டில் ஒரு இந்திய எண்ணும் யுபிஐ வைத்திருக்கும் ஆளும் தயாராக இருக்கட்டும்.

டாக்டர் அம்மா ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன், இருபது நிமிடம் பார்த்தார். முதலில் பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, விரலைக் கழுவிவிட்டுக் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னார். அக்கா பையன் கொஞ்சம் தள்ளி நின்று போனைப் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் பட்டால் வலிக்கிறதா, கான்டாக்ட் லென்ஸ் போடுவீர்களா, காதுக்கு முன்னால் அழுத்தினால் நெறி கட்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, “எதிர்ச் சுவத்துல என்ன இருக்கு?” என்றார். தினசரி காலண்டர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் படியுங்கள் என்றார். கூடத்தின் இந்த ஓரத்திலிருந்து வலது கண்ணால் ராகு காலம் 3 முதல் 4.30 வரை என்று படித்தேன், இடது கண்ணால் எமகண்டத்தைப் படித்தேன். பார்வை குறையவில்லை, அதனால் வீடியோவில் பார்த்தால் போதும், வெளிச்சம் கூசினாலோ பார்வை மங்கினாலோ அடுத்த நிமிடம் நேரில் வந்துவிட வேண்டும் என்று சொன்னார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த சொட்டு மருந்தைக் காட்டச் சொல்லி, பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன் என்று இருந்ததைப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. அது ஸ்டீராய்டு, கண்ணைப் பார்க்காமல் யாரும் கொடுக்கக்கூடாதது, இப்போதே நிறுத்துங்கள் என்றார். வைரஸால் வந்தது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போகும் என்று சொல்லிக் கண் ஈரத்துக்கான சொட்டு மட்டும் எழுதினார். அந்த ஒரு எச்சரிக்கைக்கே 500 ரூபாய் தகும்.

அப்புறம் சர்டிபிகேட் பேச்சு. திங்கட்கிழமையிலிருந்து போட முடியுமா என்று கேட்டேன். “நான் உங்களைப் பார்த்தது செவ்வாய்க்கிழமை சார். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து சிவந்திருக்குன்னு நீங்க சொன்னதா எழுதுவேன், நான் பார்த்ததா எழுத மாட்டேன்” என்றார். அதட்டலே இல்லை, நிதானமாகச் சொன்னார். அந்தப் பதிலில்தான் இது உண்மையான தாள் என்று எனக்கு உறுதியானது.

இதற்கெல்லாம் விதி இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. வீடியோவிலும் போனிலும் வைத்தியம் பார்ப்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 25 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பார்ப்பவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் காட்ட வேண்டும், நோயாளி யார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், வீடியோவில் பார்ப்பது போதாது என்று தோன்றினால் நேரில் வரச் சொல்ல வேண்டும். சர்டிபிகேட்டுக்கு அதைவிடப் பழைய விதி, 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறையில் இருக்கிறது. கொடுக்கும் ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் பதிவேட்டில் ஏற்றி ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும், அதில் நோயாளியின் முகவரி, கையெழுத்து அல்லது கைரேகை, குறைந்தது ஒரு அங்க அடையாளம் இருக்க வேண்டும். பொய் சர்டிபிகேட் கொடுத்தால் டாக்டரின் பெயரைப் பதிவிலிருந்தே எடுத்துவிடலாம்.

அதனால்தான் என்னிடமும் அங்க அடையாளம் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் இருக்கும் அதே முழங்கை மச்சத்தைக் காட்டினேன். படிவம் வாட்ஸ்அப்பில் வந்தது, அக்கா பையன் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தான், கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பினேன், ஒரு மணி நேரத்தில் டாக்டரின் கையெழுத்தோடும் பதிவு எண்ணோடும் பி.டி.எஃப். வந்தது. வந்ததில் ஒரு தப்பு: பழைய ஃபைலில் இருந்தபடி இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட்டிலும் வேலை பாஸிலும் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. சொன்னதும் திருத்தி அனுப்பினார்கள். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் எச்.ஆரில் நின்றிருக்கும். செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள் ஓய்வு, வீடியோ மூலம் பார்க்கப்பட்டது என்று தெளிவாகவே எழுதியிருந்தார். சனிக்கிழமை மறுபடி பார்த்து, பயணம் செய்யலாம் என்று தனியாக ஒரு தாள் கொடுத்தார்.

எச்.ஆர். அம்மா தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறார், டாக்டரின் பெயர் வந்திருக்கிறது. செவ்வாயிலிருந்து இருந்ததை மருத்துவ விடுப்பாக ஏற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை என் ஆண்டு லீவில் கழிந்தது, அது நியாயம்தான்.

நான் கிளம்பிய மறுநாள் அம்மாவுக்குக் கண் சிவந்துவிட்டது. எம்.சி. தேவையில்லை, மருந்து மட்டும்தான் வேண்டும் என்பதால் அக்கா பையன் ஈசஞ்சீவனியில் பதிவு செய்தான். அது அரசாங்கத்தின் இலவச சேவை, உள்ளூர் எண்ணுக்கு ஓ.டி.பி. வந்தால் போதும். டோக்கன் வந்து, காத்திருந்து, டாக்டர் வீடியோவில் வந்ததும் அம்மா கேட்காமலே எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டு கீழ் இமையை இழுத்துக் காட்டினாராம்.