கூறு கத்தரிக்காய் எத்தனை கிராம்? கணக்கெடுப்பு வேலையில் ஏழு வருடம்

2018 கடைசியில் மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கு ஒப்பந்தக் களப்பணியாளராகச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வேலை. பெரும்பாலும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஊர்கள். இந்த வேலைக்கு அறிவிப்பு வரும்போதெல்லாம் "டிகிரி இருக்கு, சேரலாமாக்கா?" என்று தெரிந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். போனில் எல்லாருக்கும் அரைகுறையாகச் சொல்லி முடிக்கிறேன். அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் கருவி. சேர்ந்த முதல் வருடம் காகிதப் படிவம்தான். பகலில் கேட்டு எழுதி, ராத்திரி உட்கார்ந்து கூட்டல் போட்டு, ஒவ்வொருவர் தொழிலுக்கும் ஐந்து இலக்கத் தொழில் குறியீட்டைப் புத்தகத்தில் தேடி எழுத வேண்டும். பாய் முடைவதற்கு ஒரு எண், கல் உடைப்பதற்கு ஒரு எண். டேப்லெட் வந்தபிறகு நாலு எழுத்து அடித்தால் குறியீடு வந்து நிற்கிறது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வயது பொருந்தவில்லை என்றால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கிறது. ராத்திரி வேலை பாதியாகக் குறைந்தது. பகல் வெயிலில் திரை தெரியாது, வேப்பமர நிழல் தேட வேண்டும். மலையடிவார ஊர்களில் சிக்னல் கிடையாது, பதிந்து வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்து அனுப்புவேன். பவர் பேங்க் இல்லாமல் கிளம்பக் கூடாது. கருவியைப் பற்றி இவ்வளவுதான். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆனால் பிழையான பதில் பொருத்தமாக வந்து உட்கார்ந்துவிட்டால் சிவப்பு எழுத்து வராது. இந்த வேலையின் கஷ்டமும் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஆலங்குளத்துக்கு அருகில் ஒரு ஊர். திண்ணையில் ஒரு அக்கா. "என்ன வேலை பாக்கீங்கக்கா?" என்றேன். "நான் வீட்டுல சும்மாத்தான் இருக்கேன் தாயி" என்றார். மடியில் சுளகு. சுளகில் வெட்டிய இலையும் தூளும். விரல் நிற்கவே இல்லை, பேசப் பேச பீடி உருண்டு விழுகிறது. அவர் சொன்னபடியே குறியீடு 92 என்று, அதாவது வீட்டு வேலை மட்டும் என்று பதிந்தால் டேப்லெட் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். "இந்தப் பீடி யாருக்குக்கா?" என்று கேட்டேன். "அதுவா, கடையில இலை வாங்கியாந்து சுத்திக் குடுக்குறது. ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு தருவாங்க. அதெல்லாம் ஒரு வேலையா?" வீட்டிலிருந்தபடி கூலிக்கு இப்படிச் சுற்றிக் கொடுப்பவரை எங்கள் விதிப்படி சுயதொழில் செய்பவராகக் கொள்ள வேண்டும். குறியீடு 11. பிளஸ் டூ படிக்கும் மகள் சாயங்காலம் வந்து பீடியின் வாயை மடக்குகிறாள். கடந்த ஒரு வருடத்தைப் பார்த்து எழுதும் கணக்கில் அவளுடைய முதன்மை நிலை படிப்பு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது அந்த வேலை செய்திருந்தால், கடந்த வாரத்தைப் பார்த்து எழுதும் கணக்கில் அவள் கூலியில்லாமல் உதவும் உழைப்பாளி, குறியீடு 21. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் எழுந்திருந்தால் அந்த வீட்டில் இரண்டு உழைப்பாளிகள் காணாமல் போயிருப்பார்கள். நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் வீடுகளில்தான் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கும் இந்தத் தொழிலாளர் கணக்கெடுப்பு நடந்துவந்தது. அப்படியென்றால் அந்தத் திண்ணை எத்தனை ஆயிரம் திண்ணைகளுக்காகப் பேசுகிறது என்று நினைத்துப் பாருங்கள். பெண்கள் வேலைக்கு வருவது கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று டிவியில் விவாதம் நடக்கும்போது எனக்கு அந்தச் சுளகுதான் ஞாபகம் வரும்.

ஒரு மணி நேரம் வேலை செய்தாலே வேலையில் இருப்பவரா என்று நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். அந்த வரையறை உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றுவது. எத்தனை மணி நேரம் என்பதையும் ஏழு நாளுக்கும் தனித்தனியாகத்தான் கேட்டுப் பதிகிறோம். அந்த மணிக்கணக்கைச் சிரத்தையாகக் கேட்டால் குறைந்த வேலையும் கணக்கில் தெரியும்.

நான் மிகவும் விரும்பிச் செய்தது 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை நடந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. முந்தைய சுற்றில் 347 பொருட்கள் இருந்தன, இதில் 405. ஒரே உட்காரலில் முடியாது என்பதால் உணவு, அன்றாடச் சாமான்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருட்கள் என்று மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் போனோம். காய்கறி, மீன், முட்டைக்குக் கடந்த ஏழு நாள். அரிசி, பருப்புக்கு 30 நாள். குடும்பத் தலைவர் என்று எழுதியிருக்கும் ஆளிடம் கேட்டால் ஒன்றும் தேறாது. சமைக்கிறவரிடம் கேட்க வேண்டும். அதுவும் "ஏழு நாள்ல என்ன வாங்குனீங்க" என்று மொத்தமாகக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கறி மட்டும்தான் நினைவுக்கு வரும். நேற்று ராத்திரி என்ன குழம்பு, அதற்கு முந்தின நாள் என்ன என்று பின்னோக்கி ஒவ்வொரு நாளாகப் போனால் கீரைக்கட்டு வரைக்கும் வந்துவிடும்.

அப்புறம் எடை. எங்கள் பக்கத்துச் சந்தையில் கத்தரிக்காயும் மீனும் நிறுக்காமல் சின்னச் சின்னக் குவியலாகக் கூறு கட்டித்தான் விற்பார்கள். "ரெண்டு கூறு நெத்திலி" என்பார்கள். படிவம் கிராம் கேட்கிறது. அலுவலகத்தில் கேட்டால் உத்தேசமாகப் போடச் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. வாரச் சந்தைக்குச் சமையல் தராசோடு போய், கூறுகளை விலைக்கு வாங்கி நிறுத்து, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். காலையில் கட்டிய கூறும் சாயங்காலம் கட்டிய கூறும் ஒரே விலையில் வேறு வேறு எடை. அந்த நோட்டு இன்னும் பையில் இருக்கிறது. ரேஷன் அரிசியும் அப்படித்தான். காசு கொடுக்கவில்லை என்பதால் "அது கணக்குல வராதுல்ல?" என்பார்கள். வரும். அளவைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். அந்தச் சுற்றில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆளுக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரங்களில் 7,630 ரூபாய் என்று முடிவு வந்தது. பேப்பரில் பார்த்தபோது அதற்குள் என் சந்தைக் கூறுகளும் இருக்கின்றன என்று சந்தோஷமாக இருந்தது.

கதவு திறப்பது தனிப் பாடு. கிராமத்தில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பெயரே கேட்பார்கள். நகரத்து அடுக்ககத்தில் காவலாளியைத் தாண்டுவதற்கே அரை நாள். வசதியான வீடுகள் மறுப்பதுதான் அதிகம், அது கணக்கையே ஒரு பக்கம் சாய்க்கும், அதனால் மூன்று நான்கு தடவையாவது போய்ப் பார்க்கிறேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்ததிலிருந்து "உண்மையச் சொன்னா ஆயிரம் ரூபாய நிறுத்திருவீங்களா?" என்று பயப்படுகிறார்கள். 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி நாங்கள் வாங்கும் தகவலைப் புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும். அதைச் சட்டப் பாஷையில் சொன்னால் பயம் கூடும். "உங்க பேரு வெளியில போகாதும்மா, ஊர்க் கணக்கு மட்டும்தான் போகும்" என்று உட்கார்ந்து சொல்வேன். பணம் வாங்கித் தருவோம் என்று ஆசை காட்டிப் பதில் வாங்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த மாதம் அதே வாசலில் நாம்தான் நிற்க வேண்டும்.

2025 ஜனவரியிலிருந்து தொழிலாளர் கணக்கெடுப்பு மாதாமாதம் முடிவு தரும்படி மாறிவிட்டது. தேர்ந்தெடுத்த ஒரு பகுதிக்கு 8 வீடு என்பது 12 ஆனது. கிராமத்திலும் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் போகிறோம். மூன்றாவது தடவை "இன்னுமாம்மா?" என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் முதல் தடவை மறைத்த ஆட்டு வியாபாரமும் அந்த மூன்றாவது தடவையில்தான் வெளியே வரும். முன்பு எழுதியதற்கு மாறாக இருக்கிறதே என்று பழைய பதிலையே திரும்பப் போட்டுவிடாதீர்கள். தெரிந்ததைப் பதிந்து, குறிப்புப் பகுதியில் காரணத்தை எழுதி, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

சம்பளம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பந்த வேலை ஆள் அமர்த்தித் தரும் நிறுவனம் மூலமாக வருகிறது. நான் இருந்த ஒன்றில் இரண்டு மாதச் சம்பளம் சேர்ந்து தாமதமாக வந்த காலமும் உண்டு. பஸ் காசைக் கடன் வாங்கிப் போனேன். கையெழுத்துப் போடும் முன் பயணப்படி தனியா, சம்பளத்துக்குள்ளேயா என்று கேளுங்கள். பிஎஃப் பிடிப்பதாகச் சொன்னால் எண்ணை வாங்கி நீங்களே சரிபாருங்கள். டேப்லெட் கீழே விழுந்து உடைந்தால் யார் காசு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.