பினாங்கு செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம்: வழிகாட்டியுடன் ஒரு நடைப்பயணம்

ஜார்ஜ்டவுனில் வழிகாட்டியுடன் நடத்தப்படும் பாரம்பரிய நடைப்பயணங்களுள் ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். கப்பித்தான் பள்ளிவாசலையும் குவான் இன் கோயிலையும் விரைவாகக் காட்டிவிட்டு, ஃபார்குவார் தெருவிலுள்ள செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில்தான் அதிக நேரம் செலவிட்டார்கள். அது சரியான முடிவே. 1818இல் கட்டி முடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம் கல்கத்தா பேராயர் தாமஸ் மிடில்டனால் அர்ப்பணிக்கப்பட்ட இக்கட்டடம், ஆங்கிலிக்க (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) வழிபாட்டுக்கென்றே தென்கிழக்காசியாவில் எழுப்பப்பட்ட தேவாலயங்களுள் மிகப் பழமையானது.

கட்டடக்கலையை வழிகாட்டி பொறுமையாகவும் தெளிவாகவும் விளக்கினார். முகப்பில் நிற்பவை டோரிக் தூண்கள். அவற்றின் உச்சியில் இலையோ பூவோ செதுக்கப்படவில்லை. ஒரு வட்டத் திண்டும் அதன்மேல் ஒரு சதுரப் பலகையும் மட்டுமே உள்ளன. மேலே முக்கோண முகப்பும், அதற்குப் பின்னால் எண்கோணக் கூர்கோபுரமும் எழுகின்றன. சென்னையில் அதே பெயரில் உள்ள பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும். அங்கே சுருள் தலை கொண்ட அயோனிக் தூண்கள். அளவிலும் அது பெரியது. அதனை 1816இல் அர்ப்பணித்தவரும் இதே மிடில்டன்தான். பினாங்குத் தேவாலயத்திலும் முதலில் சென்னைக் கட்டடங்களைப் போலத் தட்டையான கூரையே இருந்தது. இங்குள்ள மழைக்கு அது ஒத்துவராததால் 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் நினைவாக 1886இல் முற்றத்தில் எழுப்பப்பட்ட மண்டபத்தின் நிழலில் நின்றபடி, அவரைப் பற்றியும், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் உருவாகக் காரணமான பாதிரியார் ஹட்சிங்ஸைப் பற்றியும் நெடுநேரம் பேசிய வழிகாட்டி, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில்தான் இத்தேவாலயம் எழுந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். தூண்களைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்தவர், அவற்றை எழுப்பிய கைகளைப் பற்றி இன்னும் நான்கு வார்த்தை பேசியிருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இத்தேவாலயத்தோடு உள்ள உறவே அங்குதான் தொடங்குகிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியரின் குண்டுவீச்சு, அதன்பின் நடந்த கொள்ளை, 1948இல் நடந்த பழுதுபார்ப்பு, 2007இல் கிடைத்த தேசியப் பாரம்பரியத் தகுதி ஆகியவை சுருக்கமாக, ஆனால் பிழையின்றிச் சொல்லப்பட்டன.

கட்டடத்தை அறிய விரும்புவோருக்கு இந்த நடைப்பயணத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். எங்கள் குழுவுக்கு ஆங்கிலத்தில் மட்டுமே விளக்கம் கிடைத்தது. தமிழ் வழிகாட்டி வேண்டுவோர் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.