சியானில் ஹான்ஃபூ போட்டோஷூட்: 199 யுவான் விளம்பரத்தைப் பார்த்து உட்காராதீர்கள்

சீனாவின் சியான் நகரில் ஹான்ஃபூ எனும் சீன மரபு உடையில், அதுவும் தாங் அரச மரபுக் காலத்துப் பாணியில், இரவுப் படம் எடுக்கத் திட்டம் போட்டிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள் விசா இல்லாமலே போய் வரலாம் என்பதால் நம் ஆட்களும் சட்டென்று கிளம்பிவிடுகிறார்கள். பெரிய காட்டு வாத்துக் கோபுரம், அதன் தெற்கே இரண்டு கிலோமீட்டருக்கு நீளும் தாதாங் புயேசெங் நடைவீதி, இந்த வட்டாரத்தில்தான் உடை வாடகைக் கடைகள் குவிந்து கிடக்கின்றன. (காஞ்சிபுரம் வரை வந்துபோன யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஏடுகளைப் பாதுகாக்க 652இல் எழுப்பிய கோபுரம்தான் அது. படத்தின் பின்னணியில் அது விழுந்தால் நமக்கு இரட்டிப்புச் சந்தோஷம்.)

எங்கள் காஸ்ப்ளே (வேடமிட்டுப் படமெடுக்கும்) குழுவில் ஒருவருக்கு அங்கே ஒரு ஸ்டூடியோ கொடுத்த கணக்கு இது. விளம்பரத்தில் 199 யுவான்: உடை, மேக்கப், வெளிப்புறப் படப்பிடிப்பு எல்லாம் சேர்த்து. உள்ளே போனதும் ‘சாதாரண வரிசை’ உடைகள் நைந்துபோயிருந்தன, பக்கத்து வரிசைக்கு மாற 200. சவுரி மூன்று, ஒன்று 40 வீதம் 120. கண்ணிமை முடி 50. இரவு விளக்குப் பிடிக்கும் உதவியாளருக்கு 100. மெருகேற்றிய படம் கூடுதலாக 12, ஒன்று 40 வீதம் 480. மீதிப் படங்களின் மூலக் கோப்புகளுக்கு (மெருகேற்றாத படங்கள்) 300. பாவாடை விளிம்பில் அழுக்கு என்று முன்வைப்புத் தொகை 300இல் 80 பிடித்தம். ஆகமொத்தம் 1,529 யுவான். விளம்பர விலையைப்போல ஏழரை மடங்குக்கும் மேல்!

தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் தொகையும் அநியாயமில்லை. நல்ல சவுரிக்கு 40 கொடுக்கலாம். அநியாயம், கேட்ட நேரத்தில் இருக்கிறது. சவுரி விலையைச் சொன்னது பாதி முடியைப் பின்னி முடித்தபிறகு. விளக்குக்காரர் கட்டணத்தைச் சொன்னது உடை மாற்றி, சொந்தத் துணியை லாக்கரில் வைத்துப் பூட்டியபிறகு. மூலக் கோப்புக்குக் காசு கேட்டது படம் எல்லாம் எடுத்து முடித்து, இரவு பத்து மணிக்குக் கணினித் திரைமுன் உட்கார வைத்தபிறகு. எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துத்தான் ஒவ்வொரு கேள்வியும் வரும்.

அதனால் பேரம் முழுவதும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, அதுவும் சாட்டில் எழுத்தாக, முடிந்திருக்க வேண்டும். மேற்கட்டணம் இல்லை என்று விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பாமல் பொருள் பொருளாகக் கேளுங்கள்: எந்த வரிசை உடை, சவுரி எத்தனை, கொண்டை ஊசிகளும் இமை முடியும் சேர்த்தியா, விளக்குக்காரர் உண்டா, எத்தனை மணி நேரம், மெருகேற்றிய படம் எத்தனை, மூலக் கோப்பு எல்லாம் கிடைக்குமா, எந்த அளவில். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ‘எல்லாப் படமும் தருவோம்’ என்றவர்கள் வீசாட் எனும் சீன அரட்டைச் செயலியில் சுருங்கிப்போன ஜேபெக் படங்களை அனுப்பிவிட்டுக் கைகழுவியதுண்டு. கேமராவிலிருந்து வந்த அளவிலேயே, இணைய வட்டில் (கிளவுட் சேமிப்பில்) ஏற்றித் தரச் சொல்லுங்கள். கேமரா பதிவுசெய்யும் பதப்படுத்தாத ரா ஃபைலைப் பெரும்பாலும் தரமாட்டார்கள், அதில் சண்டை போட்டுப் பயனில்லை.

உடைக்கு வருவோம். விளம்பரப் படத்தில் பூவேலை போட்ட பட்டு, கையில் கொடுப்பது அச்சடித்த பாலியெஸ்டர். கண்ணாடிமுன் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: தையல்வேலை என்றால் பின்பக்கம் நூல் ஓடியிருக்கும், அச்சு என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். இரவில் விளக்கு அடித்ததும் பாலியெஸ்டர் பளபளத்து, மடிப்பெல்லாம் வெள்ளைக் கோடாகிவிடும். அதை மெருகேற்றியும் சரிசெய்ய முடியாது.

தாங் பாணியில் பாவாடையை மார்புக்கு மேலே கட்டுவார்கள். நடைவீதியில் பாதித் தூரம் போவதற்குள் வழுக்கி இறங்குகிறது என்ற புகார் இதில்தான் அதிகம். இரண்டு துண்டுப் பாவாடை என்றால் முதலில் பின்துண்டின் நாடாவை முன்னால் இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு முன்துண்டின் நாடா முதுகைச் சுற்றி மறுபடி முன்னால் வந்து முடிச்சாக வேண்டும். அவசரத்தில் ஒரே சுற்றில் முடித்துவிடுகிறார்கள். மூச்சு முட்ட இறுக்குவதும் தீர்வில்லை, வழவழத் துணி இறுக்கினாலும் நழுவும். நாடாவின் உள்பக்கம் இரட்டைப் பக்க டேப், இரு அக்குளுக்குக் கீழும் ஒவ்வொரு ஊக்கு. இரண்டையும் நீங்களே கொண்டுபோங்கள், கடையில் கேட்டால் அதற்கும் விலை சொல்வார்கள்.

குறுக்குக் கழுத்து வைத்த மேலாடை என்றால் அணிபவரின் இடப்பக்கத் துண்டு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. கடையில் சரியாகக் கட்டியிருந்தாலும், எடிட் செய்பவர் கோணம் அழகாக வருகிறதென்று படத்தைக் கண்ணாடிபோல் புரட்டிவிட்டால் கழுத்தும் மாறிப்போகும். பின்னணியில் இருக்கும் கடைப் பலகை எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாலே பிடித்துவிடலாம். திருத்தித் தரச் சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்தது நேரம். சூரியன் மறைந்தபின் வானம் கருநீலமாக இருக்கும் இருபது முப்பது நிமிடம்தான் இந்தப் படங்களுக்கு உயிர். சீனா முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் சியானில் கோடையில் கிட்டத்தட்ட எட்டு மணிக்குத்தான் பொழுது சாய்கிறது; டிசம்பரில் ஐந்தரையை ஒட்டி. மேக்கப்பும் கொண்டையும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், கூட்ட நாளில் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வரிசை. கோடையில் ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலரைக்கே நாற்காலி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ‘ஒருவருக்கு ஒரு போட்டோகிராபர்’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் உங்களைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனால், அந்த நேரம் உங்கள் கணக்கில்தான் கழியும்.

பணத்தை மெய்துவான், தியான்பிங் போன்ற முன்பதிவுத் தளங்கள் வழியாகவே கட்டுங்கள். ‘நேரடியாக வீசாட்டில் அனுப்பினால் 20 குறைப்போம்’ என்பார்கள். அனுப்பினால் தளத்தில் பணம் திரும்பக் கேட்கும் வழி அடைபட்டது. வெளிநாட்டு அட்டையை இணைத்திருந்தால் இன்னொன்று: அலிபே, வீசாட் எனும் இரண்டு பணம் செலுத்தும் செயலிகளிலும் ஒரு முறைக்கு 200 யுவானைத் தாண்டினால் 3% கட்டணம் சேரும்.

உடையை வாங்கியதும் விளிம்பு, கைமுனை, கொண்டை ஊசியின் தொங்கட்டான்கள் எல்லாவற்றையும் கடை ஊழியர் பார்க்க வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கட்டான் ஏற்கெனவே ஒன்றிரண்டு அறுந்துதான் இருக்கும். தரையைக் கூட்டிக்கொண்டு போகும் பாவாடை அழுக்காகாமல் திரும்பாது. சுத்தம் செய்யும் செலவு வாடகையில் சேர்த்தியா என்பதும் சாட்டில் இருக்கட்டும்.

சொன்னதற்கு மேல் கேட்டால் குரலை உயர்த்த வேண்டாம். விலைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், விலையை வெளிப்படையாகக் காட்டுவது அங்கே சட்டப்படி கட்டாயம். ஃபாபியாவ் எனும் ரசீது வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் புகார் எண் 12315, நகர நிர்வாகத்துக்கு 12345. சாட், விளம்பரம், பில் மூன்றின் ஸ்கிரீன்ஷாட்டும் கடையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். விளம்பரத்தைப் பிறகு மாற்றிவிடுவார்கள்.