குட்டிநாய் கடி: உடனே தடுப்பதா, மெல்லக் குறைப்பதா?

கை, கால், வேட்டி நுனி என்று அகப்பட்டதையெல்லாம் கவ்வும் இரண்டு மாதக் குட்டியை வழிக்குக் கொண்டுவர இரண்டு முறைகள் சொல்லப்படுகின்றன. மனிதர் மேல் பல்லே படக்கூடாது என்று முதல் நாளிலிருந்தே தடுப்பது ஒன்று. கொஞ்ச நாள் கவ்வவிட்டு, கடியின் அழுத்தத்தை முதலில் குறைத்து, அப்புறம் கவ்வுவதையே நிறுத்துவது இன்னொன்று. கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பார் வலியுறுத்துவது இரண்டாவதை. நானும் அந்தப் பக்கம்தான்.

எவ்வளவு சாதுவான நாயும் வால் கதவிடுக்கில் மாட்டினாலோ, தூங்கும்போது யாராவது மிதித்தாலோ கடித்துவிடலாம். அப்போது பல் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது குட்டிப் பருவப் பழக்கத்தைப் பொறுத்தது. கூடப்பிறந்த குட்டியைப் பலமாகக் கடித்தால் அது வீலென்று கத்தி விலகிவிடும், விளையாட்டும் நின்றுபோகும். எட்டு வாரம் ஆவதற்குள் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்களே, அந்தக் குட்டிகளுக்கு இந்தப் பாடம் பாதியிலேயே போய்விடுகிறது. மீதியை நாம்தான் சொல்லித்தர வேண்டும். 28 பால்பற்களும் ஊசியாகக் குத்தும், ஆனால் தாடையில் வலு கிடையாது. நாலாவது மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டிய பாடம் இது.

செய்முறை எளிது. வலிக்கும் கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் குட்டி துரத்திக் கடிக்கும். அசையாமல் தளரவிட்டு, எழுந்து அரை நிமிடம் விலகி நில்லுங்கள். பலத்த கடி குறைந்ததும் லேசான கடிக்கும் அதையே செய்யுங்கள். வலித்ததுபோலக் கத்துவது சில குட்டிகளிடம் பலிக்கும். சிலதுக்கு அதுவே உற்சாகமூட்டும், அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

தவழும் குழந்தையோ, தோல் மெலிந்த பெரியவர்களோ இருக்கும் வீட்டுக்கு முதல் முறைதான் சரி. அங்கே சோதனை செய்து பார்க்க இடமில்லை. கவ்வ வரும்போதெல்லாம் முடிச்சுப் போட்ட கயிற்றையோ பொம்மையையோ வாயில் கொடுங்கள். விதி ஒன்றே என்பதால் வீட்டில் எல்லோருக்கும் சுலபம். அழுத்தத்தை அளக்க மட்டும் குட்டி கற்காது. தடுப்பூசி போட்ட வேறு குட்டிகளோடு விளையாடவிட்டால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

வாயை அமுக்கிப் பிடிப்பது, மூக்கில் தட்டுவது இரண்டையும் பலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கையைக் கண்டாலே மிரளும். உறுமினால் அடி என்று பழகிய நாய் பிற்பாடு உறுமாமலே கடிக்கும்.

எந்த முறையானாலும், பல் கீறித் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பெரும்பாலும் மூன்று மாதத்தில்தான் போடப்படுகிறது. அதனால் வீட்டுக் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது.