ட்ரெயில் கேமரா: பூட்டி வைக்கிறதா, உசரத்துல மாட்டுறதா?

ட்ரெயில் கேமரான்னா மரத்துல மாட்டி வச்சிட்டு வந்தா, மான் கடக்கும்போது சென்சார் பாத்து தானா படம் எடுக்கிற கேமரா. எனக்கு இதுவரை ரெண்டு கேமரா திருட்டு போயிருக்கு, ரெண்டுமே அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல, மனிஸ்டீ காட்டுல பால்ட்வின் ஊர் பக்கம். முதல் கேமராவ வெறும் ஸ்ட்ராப்புல கட்டி வச்சிருந்தேன், அது போனதுக்கு நானேதான் பொறுப்பு, விடுங்க. ரெண்டாவது தடியான கேபிள் போட்டு பூட்டுனது. போய் பாத்தா கேபிள் மட்டும் ரெண்டு துண்டா மரத்தடியில கெடக்குது. அதுலேர்ந்து 11 அடி உசரத்துலதான் மாட்டுறேன், மூணு சீசன் ஆச்சு, ஒண்ணும் போகல. மூணு சீசன், ரெண்டு கேமரா, அவ்வளவுதான் என் அனுபவம், அந்த அளவுக்கே நம்புங்க.

சொந்த நிலமோ தெரிஞ்சவங்க நிலமோ இருக்கறவங்க இத படிக்க வேண்டாம், அங்க ஒரு ஸ்ட்ராப்பே போதும். இது என்ன மாதிரி டெட்ராய்ட் பக்கம் வேலை பாத்துக்கிட்டு சனிக்கிழமை விடியக்காலைல கிளம்பி மூணு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் பொதுக் காட்டுல மான் வேட்டை ஆடுறவங்களுக்கு. நவம்பர் 15 அன்னைக்கு மிச்சிகன்ல துப்பாக்கி சீசன் ஆரம்பிக்கும், காடு பூரா வேட்டைக்காரங்க ஆரஞ்சு சட்டையா இருக்கும், கேமரா காணாமப் போறதும் அந்தச் சமயத்துலதான் ஜாஸ்தி, ரெண்டாவது கேமரா எனக்கு அந்த வாரம்தான் போச்சு.

கேபிள் லாக்குக்கு பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. விலை கம்மி, பையில சுருட்டிப் போட்டுக்கலாம், எந்த மரமா இருந்தாலும் சுத்திக் கட்டலாம். போற போக்குல கை வைக்கிறவன் இத பாத்தா விட்டுட்டுப் போயிடுவான், ஆனா ஒரு தடவ பாத்து வச்சிட்டு அடுத்த நாள் கேபிள வெட்டுற போல்ட் கட்டரோட வர்றவனுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. இன்னொண்ணு, பகல்ல மழை பேஞ்சு ராத்திரி உறைஞ்சா பூட்டுக்குள்ள பனி கட்டிக்கும், சாவி திரும்பாது. ஒரு தடவ அரை மணி நேரம் பூட்டுக்கு வாயால ஊதிக்கிட்டு நின்னேன், நான் வேட்டைக்கு வந்தவன்னு அந்த நேரத்துல யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.

கேமராவ உள்ள வச்சுப் பூட்டுற இரும்பு லாக் பாக்ஸ் நெஜமாவே பலமான பொருள்தான், கரடி கடிச்சு வெளையாடுற இடத்துக்கெல்லாம் அதுதான் சரி. ஆனா அதோட முழு பலமே பெரிய ஸ்க்ரூ போட்டு மரத்தோட முறுக்கி வைக்கிறதுலதான் இருக்கு, பொதுக் காட்டுல மரத்த சேதப்படுத்தக் கூடாது. மிச்சிகன் பொது நிலத்துல ஏறி உக்காற மேடைக்குக்கூட மரப்பட்டைய துளைக்கிற ஸ்க்ரூ போடக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அப்போ பாக்ஸையும் கேபிள் சுத்தித்தான் கட்டணும், கட்டுனா அந்தக் கேபிளுக்கு என்ன பலமோ அதுதான் பாக்ஸுக்கும். எடை வேற சுமக்கணும்.

இப்ப என் கட்சிக்கு வரேன். உசரத்துல மாட்டுறதுக்கு மரத்துல ஸ்ட்ராப்புல கட்டி ஏணி மாதிரி ஏறுற ஸ்டிக் மூணு வேணும், கீழ விழாம பிடிக்கிற ஹார்னஸ் பட்டை வேணும், ஹார்னஸ் இல்லாம ஏறாதீங்க, கேமராவ விட நம்ம காலோட விலை அதிகம். மேல போனதும் கேமராவுக்குப் பின்னாடி மேல் பக்கமா ஒரு குச்சிய சொருகுனா முகம் கீழ சாஞ்சுக்கும். ரொம்ப சாய்க்கக் கூடாது, நேரா கீழ பாத்தா சென்சார் பாக்குற இடம் சுருங்கிடும், மான் கடந்தே போயிருக்கும் கேமரா தூங்கிட்டு இருக்கும். நான் மான் பாதைலேர்ந்து ஒரு 20 அடி தள்ளி இருக்கற மரத்தத் தேடுறேன், மான் குறுக்கால போற மாதிரி, நேரா நம்மள நோக்கி வந்தா சென்சார் லேட்டாத்தான் முழிக்கும். அப்புறம் ராத்திரி லைட்டு. ராத்திரி படத்துக்கு கேமரால கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் லைட்டு இருக்கும், அதுல ரெண்டு வகை. 850 நானோமீட்டர் லைட்டு உள்ள கேமரா படம் எடுக்கும்போது லேசா செவப்பா கண்ணு மின்னும், இருட்டுல நடந்து வர்றவனுக்கு நல்லாவே தெரியும். 940ல அது தெரியாது, ஆனா வெளிச்சம் தூரம் போகாது, படம் கொஞ்சம் மங்கல்தான். எனக்கு மங்கல் பரவால்ல. கொம்பு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும்.

ஆனா உசரத்துல வச்சா ஆள் பாக்க மாட்டான், அதனாலதான் திருட்டு போகலன்னு நானும் ஆரம்பத்துல நெனச்சேன். அது பாதிதான். மிச்சப் பாதி என்னன்னா, நாம எத்தன தடவ அந்த மரத்துக்குப் போறோம்ங்கறது. கண் மட்டத்துல பூட்டி வச்சப்ப மெமரி கார்டு மாத்துறது ரெண்டு நிமிஷ வேலை, அதனாலயே ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன், ரட்டுங்கற இணை சேர்ற சமயத்துல பெரிய பக், அதாவது ஆண் மான், வந்துச்சான்னு மனசு கேக்காது. அக்டோபர் ஆரம்பத்துலேர்ந்து நவம்பர் நடு வரைக்கும் ஆறேழு தடவ போயிருப்பேன், ரோட்டுலேர்ந்து கேமரா வரைக்கும் பெரணிச் செடியெல்லாம் மிதிபட்டு ஒத்தையடிப் பாதையே விழுந்துடுச்சு, அதுக்கு மேல பனி விழுந்தா பூட்ஸ் தடம் வேற. திருடனுக்கு நானே வழி போட்டுக் குடுத்திருக்கேன். மானும் அந்த வாடைக்கு ஒதுங்கித்தான் போயிருக்கும், படத்துலயே வர வர பெண் மானும் குட்டியும்தான் இருந்துச்சு.

இப்ப ஸ்டிக் தூக்கிட்டுப் போய் ஹார்னஸ் மாட்டி ஏறி எறங்க முக்கால் மணி நேரம் ஆவுது, அந்தச் சோம்பேறித்தனத்துக்கே சீசனுக்கு ரெண்டு தடவதான் போறேன். ஒண்ணு மாட்ட, ஒண்ணு கழட்ட. அதுக்கு ஏத்த மாதிரி மத்ததெல்லாம் செட் பண்ணணும்: லித்தியம் பேட்டரிதான், ஆல்கலைன் போட்டா குளிர்ல படுத்துடும், வீடியோவ அணைச்சிட்டு போட்டோ மட்டும், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் ஒரு நிமிஷம் இடைவெளி, சென்சாருக்கு முன்னாடி ஆடுற கிளை எதாவது இருந்தா மாட்டும்போதே வெட்டாம ஒதுக்கிக் கட்டிடணும், இல்லன்னா கார்டு பூரா இலைதான். ஸ்டிக்க மறக்காம கழட்டி எடுத்துட்டு வந்துடணும், அத விட்டுட்டு வந்தா ஏணி போட்டுக் குடுத்த கதை. நஷ்டம் என்னன்னா சீசன் நடுவுல படம் பாக்க முடியாது. கேமராவ இந்த வருஷ வேட்டைக்கு நம்புறவங்களுக்கு இது ஒத்து வராது, நான் இந்த வருஷப் படத்த வச்சு அடுத்த வருஷம் எங்க உக்காறணும்னு முடிவு பண்றவன்.

அந்த நஷ்டத்துக்குத்தான் செல்லுலார் கேமரா, படம் நேரா போனுக்கு வந்துடும், மரத்துக்கே போக வேண்டாம். ஒரே ஒரு சீசன்தான் வச்சுப் பாத்தேன், அதுவும் உசரத்துலதான், அதனால தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டேன். நான் வச்ச பள்ளத்துல சிக்னல் ஒரு கோடு வரும் போகும், மாசச் சந்தா வேற தனி. திருடன் மூஞ்சி படமா வந்துடும்னு சொல்வாங்க. நண்பர் ஒருத்தருக்கு அப்படி வந்துச்சு, தொப்பியும் தாடியும் மட்டும், மனிஸ்டீ காட்டுல தொப்பியும் தாடியும் இல்லாத ஆள கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். வேற ஸ்டேட்டுக்குப் போறதா இருந்தா ரூல மொதல்ல பாத்துக்கோங்க, அரிசோனால 2022லேர்ந்து வேட்டைக்கு ட்ரெயில் கேமராவே கூடாது, கான்சஸ்ல 2023ல பொது நிலத்துல தடை போட்டாங்க.

ஆஸ்பென் நெருக்கமா மொளைச்ச எளங்காட்டுல மரம் எல்லாம் மணிக்கட்டு தடிமன்தான், அங்க ஏற வழியில்ல, அங்க நான் கேமரா வைக்கிறதே இல்ல. வச்சே ஆகணும்னா கேபிள் பூட்டுதான், சாவி தொளையில மழைக்கு முன்னாடியே கிராஃபைட் தூள் போட்டு வச்சிருங்க. எங்கிட்ட மிச்சம் இருந்த ஒரு கேபிள் இப்ப பையனோட சைக்கிளுக்குப் போயிடுச்சு.