லாக்அவுட் பட்டன் இருக்கிறதே என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். நோயாளிகள் தங்கள் ரிப்போர்ட்டைத் தாங்களே பார்க்க, 65,000 ரூபாய் கொடுத்து ஒரு நிறுவனத்திடம் வெப்சைட் செய்து வாங்கினேன். வரவேற்பறையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிண்டர். ஓடிபி போட்டு நுழைந்து, பிரிண்ட் எடுத்து, லாக்அவுட் செய்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது மாதம் மாட்டிக்கொண்டோம். ஒரு பெண் ரிப்போர்ட் எடுத்துவிட்டு ஒழுங்காக லாக்அவுட் செய்துதான் எழுந்தார். அடுத்து உட்கார்ந்தவர் அதே தெருக்காரர். ஏதோ தப்பாக அடித்துவிட்டுப் பேக் பட்டனைத் தட்டியிருக்கிறார். திரையில் அந்தப் பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவு! அவர் வீட்டில் சொல்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பதைத் தவிர எனக்கு வழியில்லை.

நிறுவனத்துக்குப் போன் போட்டால், "சார், அது பிரவுசரோட குணம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். சத்தம் போட்டதும், மேற்கொண்டு 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பேக் பட்டனையே வேலை செய்யாமல் ஆக்கினார்கள். தாழ்ப்பாள் கேட்டவனுக்குத் திரைச்சீலை மாட்டிய கதை. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்துக்குப் போனவர்கள் முதல் பக்கத்துக்குத் திரும்ப முடியாமல் ரிசப்ஷனில் வந்து நின்றார்கள்.

பொங்கலுக்கு வந்த மச்சான் மகள் இந்த வேலையில்தான் இருக்கிறாள். லாக்அவுட் செய்தாள், பேக் பட்டனை முடக்கி வைத்திருந்த ஜாவாஸ்கிரிப்டை (பக்கத்தோடு வந்து பிரவுசருக்குள் ஓடும் நிரல்) அணைத்தாள், பேக் அழுத்தினாள். ரிப்போர்ட் வந்தது. அப்புறம் ரிஃப்ரெஷ் செய்தாள். அப்போதும் வந்தது. "மாமா, இது லாக்அவுட்டே இல்ல. லாகின் பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகுது, அவ்வளவுதான். சர்வர்ல செஷன் உயிரோட இருக்கு." அதாவது, வெப்சைட் ஓடும் கம்ப்யூட்டரான சர்வர், அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று கணக்கு வைத்திருக்கிறது.

பேக் அழுத்தும்போது தெரிவது பெரும்பாலும் பிரவுசர் எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதி. சர்வரைக் கேட்காமலே அதைக் காட்டிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் 2005 முதலே பக்கத்தை அப்படியே நினைவில் வைத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரில் குரோமும் 2021 முதல் அப்படித்தான். அதைத் தடுக்க, ரகசியமான பக்கங்களை அனுப்பும்போதே 'கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்', அதாவது பிரதி எடுத்து வைக்காதே என்று சர்வர் சொல்லியனுப்ப வேண்டும். எங்கள் ஆட்கள் போட்டிருந்தது 'நோ-கேஷ்'. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்: எடுத்து வைத்துக்கொள், மறுபடி பயன்படுத்துமுன் என்னைக் கேள் என்றுதான் அதற்கு அர்த்தம். பேக் பட்டனோ கேட்பதில்லை.

ரிஃப்ரெஷ் செய்த பிறகும் பக்கம் வருகிறது என்றால் கதை வேறு. அது பழைய பிரதி இல்லை. சர்வரே மறுபடி எடுத்துக் கொடுக்கிறது. பிரவுசரில் குக்கியை (உள்ளே வந்தவர் யார் என்று சர்வருக்குக் காட்டும் அடையாளச் சீட்டு) அழித்தால் மட்டும் போதாது, சர்வரிலும் செஷனைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குக்கியை முன்பே நகல் எடுத்து வைத்திருப்பவர் எங்கிருந்தும் நுழையலாம்.

கடைசித் தவணை கொடுக்குமுன் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்: லாக்அவுட், பேக், ரிஃப்ரெஷ். அரை நிமிடம் போதும். நான் அதைச் செய்யவில்லை.

இரண்டையும் மச்சான் மகள் ஒரே மதியத்தில் சரிசெய்தாள். போன வாரம் நிறுவனத்திடமிருந்து வருடாந்திரப் பராமரிப்பு பில் வந்தது. அதில் ஒரு வரி: 'பாதுகாப்பு மேம்பாடு – 4,000 ரூபாய்'. ஏற்கெனவே வாங்கிய அதே 4,000, இரண்டாவது தடவை.